என் மகளின் காட்டேரிப் புத்தகங்கள்

முதலில் என் கையெழுத்துக்கும் பிழைகளுக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாவதுக்கு மேல் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பது இன்றும் எனக்குக் குழப்பம்தான். கம்பெனியில் நான் எழுதுவதெல்லாம் அட்டைப்பெட்டியின் மேல் மார்க்கரால் போடும் எண்கள் மட்டுமே. அதனால் எழுத்து பெரிதாகவும் கோணலாகவும் வரும். இதைத் தட்டச்சு செய்கிறவர் பிழைகளைத் திருத்திக்கொள்ளலாம். நடந்ததைத் திருத்த வேண்டாம். யார் பெயரையும் நான் எழுதவில்லை.

மூக்கண்டப்பள்ளியில் இருக்கிறோம். நானும் மனைவியும் மகளும். நான் பேக்கிங் செக்‌ஷனில் வேலை செய்கிறேன். மனைவி ராயக்கோட்டைக்காரி, ரோஜாத் தோட்டமொன்றில் பூ தரம் பிரிக்கிறாள். மகள் டிப்ளமோ முடித்துவிட்டு, செல்போனுக்குள் வைக்கும் சின்னச் சின்னச் சாமான் செய்யும் கம்பெனிக்குப் போகிறாள். மாதா கோயிலில் பாடகர் குழுவில் பாடுவாள். நான் அதிகம் பேசாதவன். நாலு பேர் கூடும் இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். கல்யாண வீட்டுக்குப் போனாலும் பந்தியில் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொள்வேன். வாளி கையில் இருந்தால் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள்.

மகளோடு வேலை செய்யும் கன்னடப் பெண் ஒருத்தி இருக்கிறாள். இருவரும் விடுமுறை நாளில் பஸ் ஏறி பெங்களூருக்குப் போய்ப் பழைய புத்தகக் கடைகளில் சுற்றுவார்கள். அப்படித்தான் அந்தப் புத்தகங்கள் வீட்டுக்குள் வந்தன. ஒவ்வொரு முறையும் ஒன்றோ இரண்டோ வாங்கி வருவாள். எல்லாம் கறுப்பு வெள்ளைப் படம், இங்கிலீஷ் எழுத்து.

“இது என்னாடி?” என்றாள் மனைவி.

“மாங்கா ம்மா.”

“மாங்காயா? அத எதுக்குடி படிக்கிற, ஊறுகா போடு.”

“ஜப்பான்காரங்க படக்கதைக்கு அப்படித்தான் பேரு. உலகமே அழிஞ்சி போயிருக்குது. மிச்சம் இருக்கிற ஜனங்கள இரத்தக் காட்டேரிங்க வேட்டையாடுது. அந்தக் காட்டேரிங்கள ஒருத்தன் வேட்டையாடறான்.”

“நல்லா இருக்குது போ. ஜெபமாலை சொல்ல வாடின்னா தலவலி. இதுக்கு மட்டும் கண்ணு தெரியுது.”

மகள் சிரித்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, “ப்பா, உனக்குக் கதை சொல்லட்டா?” என்று கேட்டாள்.

“எனக்கு எதுக்கும்மா,” என்றேன்.

அப்போது ஆசை இருந்தது என்பதுதான் உண்மை. ஆனால் மகள் எதிரில் உட்கார்ந்து காட்டேரிக் கதை கேட்பது எனக்குக் கூச்சமாகப் பட்டது. அவள் இன்னொரு முறை கேட்டிருந்தால் சரி என்றிருப்பேன். அவள் கேட்கவில்லை.

அதனால் நானே எடுத்துப் பார்க்க ஆரம்பித்தேன். எனக்குக் காலை ஷிஃப்டும் அவளுக்கு மதிய ஷிஃப்டும் வரும் வாரத்தில், மனைவி தோட்டத்திலிருந்து திரும்பும்வரை சாயங்காலம் வீட்டில் நான் மட்டும்தான் இருப்பேன். புத்தகங்கள் தையல் மிஷின் மூடியின் மேல் அடுக்கியிருக்கும். முதுகில் எண் இருப்பதால் வரிசை தெரியும். ஒன்றை எடுத்து, பார்த்துவிட்டு, இருந்தபடியே வைத்துவிடுவேன். திருடனைப் போலத்தான் பார்த்தேன். வாசலில் கேட் சத்தம் கேட்டால் செய்தித்தாளைக் கையில் எடுத்துக்கொள்வேன்.

வசனம் எனக்குப் புரியாது. இங்கிலீஷில் எனக்குத் தெரிந்த சொற்களெல்லாம் பெட்டியின் மேல் ஒட்டுகிற சொற்கள். படத்தைப் பார்த்தே கதையைப் பிடித்துக்கொண்டேன். பெரிய யுத்தம் நடந்து முடிந்த உலகம் அது. புகை மூடி, பகலிலும் சூரியன் சரியாகத் தெரியாது. ஜனங்கள் கூரை பிய்ந்த தொழிற்சாலைகளுக்குள் தகரத்தை வைத்து அடைத்துக்கொண்டு வாழ்கிறார்கள். அந்தத் தொழிற்சாலைகளைப் பார்த்தால் எங்கள் தொழிற்பேட்டையில் மூடிக் கிடக்கும் ஷெட்டுகள் மாதிரியே இருந்தது. வேட்டைக்காரன் நீளக் கோட்டுப் போட்டவன். ரயில் ஓடாத தண்டவாளத்தின் மேலேயே ஊர் ஊராக நடப்பான். தண்டவாளத்தில் அடிக்கும் பெரிய ஆணிகள்தான் அவன் இடுப்பில் தொங்கும். அவனும் யாரிடமும் பேச மாட்டான். பல பக்கங்களில் அவன் வாயருகே எழுத்தே இருக்காது. எனக்கு அவனைப் பிடித்துப்போனது. வேலை செய்யும்போதுகூட அவன் நடப்பது ஞாபகம் வரும்.

போகப்போக எனக்குப் பயம் வந்தது. வேட்டைக்காரன் ஓர் ஊருக்கு வரும்போது ஜனங்கள் நன்றாகத்தான் இருப்பார்கள். சாப்பிடுவார்கள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு சிரிப்பார்கள். அவன் அவர்கள் நடுவில் நிற்பான். சில பக்கங்கள் தள்ளிப் பார்த்தால் அதே ஜனங்களுக்குக் கோரைப்பல் முளைத்திருக்கும், வாயில் இரத்தம் இருக்கும். எல்லாப் புத்தகத்திலும் இப்படியேதான் நடந்தது. இவன் காட்டேரியை வேட்டையாடுகிறவன் இல்லை, காட்டேரியை உண்டாக்குகிறவன் என்று நினைத்துக்கொண்டேன். மகள் சொன்ன கதை வேறாக இருக்கிறதே என்றும் தோன்றியது. தப்பான புத்தகம் என்று தெரிந்துதான் அவள் அம்மாவிடம் மாற்றிச் சொல்லியிருக்கிறாள் என்று அதற்கும் நானே ஒரு காரணம் கண்டுபிடித்தேன்.

கடைசியாக வாங்கியிருந்த புத்தகத்தில்தான் அந்தப் பக்கம் வந்தது. இடிந்துபோன ஒரு கோயில். நம் கோயில் மாதிரி பீடமும் பெஞ்சுகளும் உள்ளது. வேட்டைக்காரனுக்கு ஒரு தங்கை உண்டு. அவள் பீடத்தின் முன்னால் சிலுவையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நிற்கிறாள். முகம் அவ்வளவு அமைதி. அதற்கு வலப்பக்கத்துப் பக்கத்தில் அதே சிலுவை தரையில் கிடக்கிறது. அவள் வாயில் பல். அண்ணன் ஆணியை ஓங்கி நிற்கிறான்.

சிலுவையை எறிந்துவிட்டுப் பேயாகிற பெண் என்று நான் படித்தேன். புத்தகத்தின் நடுவில் மகள் அடையாளத்துக்குப் பஸ் டிக்கெட்டைச் செருகியிருந்தாள். இந்தப் பக்கத்தையும் அவள் பார்த்திருப்பாள் என்றுதான் நினைத்தேன். பாடகர் குழுவில் நின்று பாடுகிற பெண் இதையா பார்க்கிறாள் என்று புத்தகத்தை மூடிவைத்தேன். அவளிடமே கேட்டிருக்கலாம். கேட்டால் நான் திருட்டுத்தனமாகப் பார்த்தது தெரிந்துவிடும். அதனால் கேட்கவில்லை.

எங்கள் பங்கில், அதாவது எங்கள் கோயிலைச் சேர்ந்த ஊர்களில், நாலைந்து தெருவுக்கு ஓர் அன்பியம் உண்டு. மாதம் ஒரு மாலை யாராவது ஒருவர் வீட்டில் கூடி, ஜெபமாலை சொல்லி, பைபிள் வாசித்து, மனதில் பட்டதைப் பகிர்ந்துகொள்வோம். அந்த மாதம் எங்கள் வீட்டு முறை. கூடம் நிறையப் பெண்களும் சில ஆண்களும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். நான் வழக்கம்போல் டீத் தட்டோடு சுவரோரம் நின்றேன். அன்பியத் தலைவி என்னைவிட வயதில் மூத்தவர், நான் அக்கா என்று கூப்பிடுவேன். அன்று பேச்சு பிள்ளைகள் செல்போனில் கெட்டுப்போவதைப் பற்றிப் போனது.

அக்கா என்னைப் பார்த்தார். “என்னா தம்பி, வீட்டுத் தலைவர் நீங்க. எப்பப் பாத்தாலும் டீத் தட்டோட தப்பிச்சிக்கிறீங்க. இன்னைக்கி நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க.”

“அவரா? அவரு பேசினா மழ வரும்,” என்றாள் மனைவி. எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்புத்தான் என்னைக் கிளப்பியதா, தெரியவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தையல் மிஷின் மேலிருந்த அந்தக் கடைசிப் புத்தகத்தை எடுத்தேன். “செல்போன் மட்டும் இல்லைங்க அக்கா. புக்குலயும் வருது,” என்றேன். பக்கத்தைத் திறந்து காட்டினேன். அழிந்த உலகத்தைச் சொன்னேன், வேட்டைக்காரனைச் சொன்னேன், நல்ல ஜனங்கள் எப்படிக் காட்டேரி ஆகிறார்கள் என்று சொன்னேன். கடைசியாகத் தங்கை சிலுவையை எறிகிற இடத்தைச் சொன்னேன். ஒருவர்கூட இருமவில்லை. “அய்யோ, அப்புறம்?” என்று பாட்டுக் குழு அம்மா ஒருவர் கேட்டார். என் வாழ்க்கையில் நான் சொன்னதற்கு யாரும் அப்புறம் என்று கேட்டதில்லை. தொண்டை அடைக்கவில்லை. கையை ஆட்டிக்கூடப் பேசினேன்.

அப்போது மகள் வேலை முடிந்து வந்து வாசலில் நின்றாள். செருப்புக் குவியலுக்கு நடுவில் ஷூவைக் கழற்றக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். நான் அவளைப் பார்த்தேன். பார்த்த பிறகும் நிறுத்தவில்லை. இதை எழுதும்போது எனக்குக் கை வராமல் போவது இந்த இடத்தில்தான். அறியாமல் செய்தேன் என்று மற்றதையெல்லாம் சொல்லிக்கொள்ளலாம். அவளைப் பார்த்த பிறகும் பேசியதை அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது. கேட்கிறார்களே என்கிற சந்தோஷத்தில் பேசினேன்.

“ஏம்மா, சிலுவையத் தூக்கிப் போடற புக்கையா நீ படிக்கிற?” என்று அக்கா அவளிடம் கேட்டார்.

மகள் முதலில் சிரித்தாள். விளையாட்டு என்று நினைத்திருப்பாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள், சிரிப்பு நின்றது. “அப்படி ஒண்ணும் இல்லைங்க பெரிம்மா,” என்றாள்.

“உங்கப்பாதான் படத்தோட காட்றாரே.”

அவள் என் கையிலிருந்த புத்தகத்தை வாங்கிப் பார்த்தாள். அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் சட்டென்று மூடினாள். “நான் இன்னும் இந்த எடத்துக்கே வரல ப்பா,” என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி. புத்தகத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

“பாத்தீங்களா, பதில் இல்ல,” என்றார் யாரோ.

இப்படிப்பட்டவை ஜெபம் செய்கிற வீட்டில் இருக்கக் கூடாது என்று அக்கா சொன்னார். மறுநாள் மகள் வேலைக்குப் போன பிறகு, மிச்சப் புத்தகங்களை நானே கட்டினேன். ஓரம் மடங்காமல் அட்டை கொடுத்து, கம்பெனியில் கட்டுவது போலவே நாடா போட்டு இறுக்கினேன். அக்காவின் கணவர் ஸ்கூட்டரில் வந்து வாங்கிப்போனார். கோயிலுக்குப் பின்னால் சருகு எரிக்கும் டிரம்மில் போட்டுக் கொளுத்தியதாகச் சாயங்காலம் சொன்னார். “பேக்கிங் பிரமாதம் தம்பி. நாடா வெட்டவே நேரமாச்சி,” என்றார். அதற்கும் நான் சிரித்தேன்.

மகள் சண்டை போடவில்லை. தையல் மிஷினின் வெறும் மூடியைப் பார்த்தாள், அம்மாவிடம் கேட்டாள், தெரிந்துகொண்டாள். சாப்பிட்டாள். அந்த ஞாயிறு பாடகர் குழுவில் அவளைக் கொஞ்ச நாள் ஓய்வெடுக்கச் சொன்னார்கள். காரணம் யாரும் வாயால் சொல்லவில்லை. தெருக் குழாயில் தண்ணீர் பிடிக்கிற பெண்கள் அவள் வந்தால் பேச்சை மாற்றினார்கள் என்று மனைவி வந்து சொன்னாள். “உங்க வாயத் தொறக்க வெச்சது என் தப்புங்க,” என்று அவள் அழுதாள்.

அடுத்த வாரம் ஒரு மாலை, மகள் அந்த ஒற்றைப் புத்தகத்தை என் முன்னால் வைத்தாள். நான் எப்போதும் திறக்கிற பக்கமாக வைத்துத் திறந்தாள். முதல் தாளில் கட்டம் கட்டமாகப் போட்டு, எண்ணும் அம்புக்குறியும் இருந்தன.

“இது என்னா ப்பா?”

எல்லாப் புத்தகத்திலும் அந்தத் தாளை நான் பார்த்திருக்கிறேன். கம்பெனி விளம்பரம் என்று தள்ளிவிட்டிருக்கிறேன்.

“ஒண்ணு எங்க இருக்குது பாரு.”

ஒன்று வலது மூலையில் இருந்தது. இரண்டு அதற்கு இடப்பக்கம். அம்புக்குறி எல்லாம் வலத்திலிருந்து இடத்துக்குப் போனது.

“ஜப்பான்காரங்க அந்தப் பக்கத்திலிருந்துதான் படிப்பாங்க. நீ எடுத்த பக்கம் கடைசி. தப்பான பக்கம் தொறக்கற, நிறுத்துன்னு இங்க எழுதியே வெச்சிருக்காங்க. எழுத்து தெரியாட்டியும் அம்புக்குறி தெரியுமில்ல ப்பா? நாள் முச்சூடும் பெட்டி மேல அததான ஒட்டற?”

பிறகு புத்தகத்தைத் திருப்பிப் போட்டு அந்தக் கோயில் பக்கத்துக்கு வந்தாள். வலப்பக்கத்தில் விரலை வைத்தாள். பல் முளைத்த தங்கை. தரையில் சிலுவை. ஆணியை ஓங்கிய அண்ணன். விரல் இடப்பக்கம் நகர்ந்தது. தங்கை சிலுவையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பல் இல்லை. உள்ளங்கையில் தீப்பட்ட மாதிரி புகை வருவதை அப்போதுதான் கவனித்தேன். சுட்டும் அவள் விடவில்லை.

“அவ தூக்கிப் போடல. எடுக்கறா,” என்றாள் மகள். “அவன் போற ஊர்ல எல்லாம் பல்லு வந்தவங்க மறுபடி மனுசங்களா ஆவறாங்க. அதான் கதை. நீ சொன்ன அன்னைக்கி எனக்கே இது தெரியாது. தெரிஞ்சிருந்தா அங்கயே சொல்லியிருப்பேன்.”

நான் என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. வேறு புத்தகம் வாங்கித் தருகிறேன் என்று ஏதோ சொல்லியிருப்பேன். அவள் தலையை ஆட்டினாள். “புக்க விடு ப்பா. அவங்க முன்னாடி என்னய அப்படி நிக்க வெச்சியே.”

மாதம் முடிவதற்குள் கம்பெனி ஹாஸ்டலுக்குப் போவதாகச் சொன்னாள். ஷிஃப்ட் பஸ் ஏற வசதி என்று காரணம் சொன்னாள். பெட்டியைத் தூக்க அந்தக் கன்னடப் பெண் வந்திருந்தாள். நடந்ததைக் கேள்விப்பட்டு, “ரிவர்ஸ்ல நோடித்ரா அங்கிள்? அய்யோ தேவரே!” என்று, திருப்பியா பார்த்தீர்கள் என்பதைக் கன்னடத்தில் கேட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என் மகள் சிரிக்காததைப் பார்த்துத் தானும் நிறுத்திக்கொண்டாள்.

ஹாஸ்டல் ஒன்றும் தூரம் இல்லை. இருந்தும் அவள் வரவில்லை. போன் செய்தால் அம்மாவிடம் பேசுவாள். என்னிடம் கொடுத்தால், “சொல்லு ப்பா,” என்பாள். நான் போனை மனைவியிடமே திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

நான் செய்ய வேண்டியது என்ன என்று எனக்குத் தெரிந்தே இருந்தது. யார் முன்னால் சொன்னேனோ அவர்கள் முன்னால் தப்பு என்று சொல்ல வேண்டும். அடுத்த கூட்டத்துக்கு அந்த எண்ணத்தோடுதான் போனேன். அங்கே அக்கா என்னைக் காட்டி, “இவர மாதிரி பெத்தவங்க கவனமா இருக்கணும்,” என்று பேச ஆரம்பித்தார். சொல்ல வந்ததை விட்டுவிட்டேன். டீத் தட்டைத் தேடினேன். அது என் வீடு இல்லை, தட்டு வேறு யார் கையிலோ இருந்தது.

பிறகு டீக்கடையில் அக்காவின் கணவரிடம் மட்டும் சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்டுவிட்டு, “அட, எந்தப் பக்கமிருந்து படிச்சா என்னா தம்பி, காட்டேரி காட்டேரிதான?” என்று என் தோளைத் தட்டினார்.

மகளுக்குப் போன் செய்தேன். அந்தப் புத்தகம் வேண்டும் என்றேன்.

“எதுக்கு? இதையும் கட்டிக் குடுக்கவா?”

“இல்லம்மா. காட்டணும். அன்பியத்துல.”

ஹாஸ்டலில் யாரோ பக்கெட்டை இழுக்கிற சத்தம் கேட்டது. “நீ பேச மாட்ட ப்பா,” என்றாள். “என்னயப் பத்தின்னா பேசின. உன்னயப் பத்தின்னா பேசுவியா?”

அவள் சொன்னதில் பிழை இல்லை. ஆனாலும் புத்தகத்தை அம்மாவிடம் கொடுத்தனுப்பினாள்.

போன வாரம் கூட்டம் அக்கா வீட்டில் நடந்தது. பைபிள் வாசித்து முடிந்ததும் எழுந்து நின்றேன். எழுந்த பிறகு உட்கார முடியாது என்பதற்காகவே எழுந்தேன். புத்தகத்தை விரித்து, முதலில் வலப்பக்கம் விரலை வைத்தேன், பிறகு இடப்பக்கம். “நான் திருப்பிப் படிச்சிட்டேங்க. இந்தப் பொண்ணு சிலுவைய எடுக்கறா. என் பொண்ணு தப்பா ஒண்ணும் படிக்கல. அன்னைக்கி அது வாசல்ல வந்து நின்னத நான் பாத்தேன். பாத்தும் பேசினேன்.” இவ்வளவுதான் சொன்னேன். யாரும் அப்புறம் என்று கேட்கவில்லை.

அக்கா புத்தகத்தை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினார். முகம் சுருங்கிப்போனது. எரிக்கச் சொன்னவர் அவர்தானே. “சரி தம்பி, உக்காருங்க. தெரியாம நடந்தது,” என்றார். ஜெபமாலையைத் தொடங்கிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மகளுக்குப் போன் செய்து சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“யார் யாரு இருந்தாங்க?”

சொன்னேன்.

“அன்னைக்கி நம்ம வீட்ல கூடமே நெறஞ்சிருந்துச்சி ப்பா. இன்னைக்கி பாதிப் பேரு வரலையே. குழாயடியில பேசறவங்க யாருமே வரல. பாட்டுக் குழு அம்மா வந்தாங்களா?”

“வரலம்மா.”

“அப்ப அவங்களுக்கு இன்னும் நான் சிலுவையத் தூக்கிப் போட்டவதான்.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கணக்கு சரியா என்று பார்க்கிற மாதிரி சொன்னாள். எப்போது வருவாய் என்று நான் கேட்கவில்லை.

வராத ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய் நின்று சொல்ல என்னால் ஆகாது. என்னை எனக்குத் தெரியும். வாசல்வரை போய், கேட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன். அதனால் எழுதினேன். பங்கு மாத இதழில் போடுவதாக அதைப் பார்த்துக்கொள்ளும் கோயில் பிரதர் சொல்லியிருக்கிறார். பெயர் இல்லாவிட்டாலும் எங்கள் தெருவில் யார் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிய வேண்டும்.

மூக்கண்டப்பள்ளி, ஆடி மாதம் மூன்றாம் ஞாயிறு, காலைப் பூசைக்குப் பிறகு.